விதைத்தவர் காணா விளைச்சல்

திருவில்லிபுத்தூரை ஒட்டிய மடவார் வளாகத்தில் கோயில் கொண்டுள்ள இறைவனுக்கு வைத்தியநாதர் என்பது பெயர். தீரா வயிற்று வலியோடு வந்த திருமலை நாயக்கர் இத்தலத்தில் நலம் பெற்றார் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. மருந்தின் எல்லை முடிந்த இடத்தில் மன்னனும் எளியவனும் ஒரே வாயிலில் நின்றனர் என்பதே இச்செய்தியின் உட்பொருள் எனலாம். துன்பம் எல்லாச் சமயங்களையும் கேள்வி கேட்கிறது. அக்கேள்விக்கு ஒவ்வொரு சமயமும் தன் வழியில் விடை தேடுகிறது. இதே மண்ணில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் திருநெல்வேலிச் சீமையில், கிறித்தவம் தேடிய விடை யாது? அவ்விடையைச் சொற்பொழிவுகளில் தேடுவதினும் சிலருடைய வாழ்விலும், அவ்வாழ்வினின்று பிறந்த தமிழிலும் தேடுவது பொருத்தமுடையது.

இரு சொற்கள்

தேடலைத் தொடங்குமுன் இரு சொற்களைக் கருதுதல் வேண்டும். பவுல் அடிகள் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் நிலைத்து நிற்பன என மூன்றைக் கூறுகின்றார். சீர்திருத்தச் சபையார் போற்றும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அம்மூன்றையும் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று வழங்கும். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியமோ நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று வழங்கும். முன்னதில் இரண்டாம் இடத்தில் நின்ற நம்பிக்கை என்னும் சொல், பின்னதில் முதலிடத்திற்கு நகர்ந்துவிடுகிறது.

சொல் இடம் மாறியது வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கலன்று. பேச்சு வழக்கில் கடவுள் நம்பிக்கை என்கிறோம்; மழை பெய்யும் என்ற நம்பிக்கை என்றும் சொல்கிறோம். முன்னது இருப்பதைப் பற்றிக்கொள்வது. பின்னது இன்னும் வராததற்காகக் காத்திருப்பது. இவ்விரண்டாவதே இக்கட்டுரையின் பொருள். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் அடிகள் இந்த நம்பிக்கையைத் துன்பத்தினின்று தொடங்கும் ஒரு படிவரிசையின் இறுதியில் வைக்கின்றார். துன்பம் முதற்படி, பொறுமை அடுத்தது, பொறுமையால் வரும் தேர்ச்சி அதற்கடுத்தது, நம்பிக்கை அதன்பின் வருவது. துன்பத்திற்கு முன் கையில் இருந்த ஒன்றன்று அது. துன்பத்தின் ஊடே நடந்து அடையப்படுவது.

வள்ளுவர் இடுக்கணழியாமை என ஓர் அதிகாரமே வகுத்தார். துன்பத்தைத் துன்புறுத்தும் உள்ளத் திண்மை அங்குப் பேசப்படுகிறது. கிறித்தவ நம்பிக்கை அத்திண்மைக்குப் பகையன்று. ஆயின் அது தன்னுரத்தை மட்டும் சார்ந்து நிற்பதில்லை. தன் வாழ்நாளுக்கு அப்பாலும் நிறைவேறக்கூடிய ஒரு வாக்குறுதியைச் சார்ந்து நிற்பது. இவ்வேறுபாடு வாழ்வில் எவ்வாறு விளங்கிற்று என்பதை இனிக் காணலாம்.

கூடாரத்தில் ஒரு கணிதர்

1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை திருவில்லிபுத்தூர், சாத்தூர், சிவகாசிப் பகுதிகள் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. 1850களில் அம்மாவட்டத்தின் தென்பகுதியில் பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம், சாயர்புரம், இடையன்குடி முதலிய ஊர்களில் சபைகள் வேரூன்றியிருந்தன. வடபகுதியிலோ கிறித்தவர் மிகச் சிலரே. கரிசலும் செம்மண்ணுமாய் விரிந்து கிடந்த இவ்வடபகுதிக்கு 1854இல் கூடாரங்களோடு வந்தவர் தாமஸ் கஜெட்டன் ராக்லாந்து.

1815இல் ஜிப்ரால்டரில் பிறந்த ராக்லாந்து கேம்பிரிட்ஜில் பயின்றவர். 1841இல் அங்குக் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். அமைதியான கல்லூரி வாழ்வு அவருக்கு உறுதியாகக் கிடைத்திருந்தது. அதனை விடுத்து, திருச்சபைத் தொண்டர் சங்கத்தின் சார்பில் 1845இல் சென்னைக்கு வந்தார். சங்கத்தின் செயலாளராகக் கணக்கும் கடிதமும் பார்க்கும் பணி அவருக்கு வாய்த்தது. ஆயின் அவருள்ளம் ஊர்ப்புறங்களையே நாடியது. டேவிட் ஃபென், இராபர்ட் மெடோஸ் என்னும் இரு இளைஞர்களுடன் வடதிருநெல்வேலியில் ஊர் ஊராய்ச் சுற்றும் பணியைத் தொடங்கினார். நிலையான மாளிகை இல்லை. பள்ளி, மருத்துவமனை எனக் காட்டத்தக்க கட்டடம் இல்லை. கூடாரம் அடித்த இடமே இல்லம்.

இப்பணியில் வரலாற்று நோக்கில் சிறப்பாகக் குறிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. தென்பகுதிச் சபைகளைச் சேர்ந்த தமிழ் உபதேசியார்கள் முறைவைத்து ஒரு மாத காலம் வடக்கே வந்து பணிசெய்து திரும்பினர். அவர்தம் செலவைத் தென்பகுதிக் கிறித்தவர்களே ஏற்றனர். பனையேறியும் புன்செய் உழுதும் வாழ்ந்த எளிய மக்கள் நிறைந்த சபைகள் அவை. பெறுபவராக மட்டுமே கருதப்பட்ட அம்மக்கள் கொடுப்பவராக மாறிய முதற்காலங்களுள் இஃது ஒன்று. உபதேசியார்களின் பெயர்களை நூல்கள் பெரிதும் பேசுவதில்லை. வெள்ளையர் பெயர் தலைப்பில் நிற்க, நடந்த கால்களின் பெயர் மறைந்துபோவது அக்கால வரலாற்றெழுத்தின் குறை.

ராக்லாந்தின் உடல்நலமோ முன்னரே கெட்டிருந்தது. நுரையீரல் நோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. வெயிலும் அலைச்சலும் நோய்க்கு நட்பாயின. 1858 அக்டோபர் 22ஆம் நாள், சிவகாசியில், குருதி பெருகி அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. வடபகுதியில் அவர் பணியாற்றியது ஐந்தாண்டுக்கும் குறைவே. எண்ணிக்கை பார்ப்போர் எண்ணிக் காட்டத்தக்க விளைவு சிறிதே. கணிதத்தில் தேர்ந்த ஒருவருக்கு இக்கணக்கு விளங்காமல் இருந்திருக்காது.

எனினும் அவர் நம்பிய உவமை கணக்கேட்டைச் சார்ந்ததன்று, வயலைச் சார்ந்தது. மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றி யோவான் நற்செய்தியில் வரும் உவமையையே அவர் தம் பணிக்கு வழியாகக் கொண்டிருந்தார். விதைப்பவன் விளைச்சலைக் காண வேண்டும் என்னும் கட்டாயம் அவ்வுவமையில் இல்லை. கரிசல் உழவருக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வானம் பார்த்த பூமியில் விதைப்பது என்பதே ஒருவகை நம்பிக்கைதான்.

1858: மற்றொரு வாயில்

ராக்லாந்து மறைந்த அதே 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் சென்னையில் ஒரு தமிழாசிரியர் திருமுழுக்குப் பெற்றார். அவரே பின்னாளில் கிறித்தவக் கம்பர் என்று போற்றப்பெற்ற ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை. இருவர்க்கும் நேரிய தொடர்பு இருந்ததாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஒருவர் வாழ்வு முடிந்த ஆண்டில் மற்றொருவர் வாழ்வு திரும்பிற்று என்பதே ஈண்டு கருதத்தக்கது.

1827இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர் கிருஷ்ண பிள்ளை. தந்தையார் சங்கரநாராயண பிள்ளை கம்பராமாயணத்தில் ஆழ்ந்தவர். கம்பன் கவியும் ஆழ்வார் அருளிச்செயலும் அவ்வீட்டின் காற்றில் கலந்திருந்தன. பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த திருவில்லிபுத்தூர் அவ்வைணவ உள்ளத்திற்கு எத்துணை நெருங்கியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் இலக்கண இலக்கியம் பயின்றபின், 1853இல் சாயர்புரம் கிறித்தவக் கல்விநிலையத்தில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். கிறித்தவத்தை ஏற்கும் எண்ணத்துடன் அவர் அங்குச் செல்லவில்லை. தொடக்கத்தில் அதனை எதிர்த்து நின்றவர் அவர். உடன்பிறந்த முத்தையா பிள்ளையும் நண்பர் தனக்கோடி ராஜுவும் அவ்வழியை மேற்கொண்டமை அவரை அசைத்தது. நெடிய மனப்போருக்குப் பின்னரே அவர் முடிவுக்கு வந்தார். அவ்வரலாற்றை அவரே எழுதியும் வைத்துள்ளார்.

அந்நாளில் சமயம் மாறுதல் என்பது தனிமனிதன் உள்ளத்தோடு முடியும் செயலன்று. பந்தியில் இடம், மணவுறவு, நீத்தார் கடன், ஊரில் மதிப்பு ஆகிய யாவும் ஒருசேர ஆட்டம் காணும். தாயின் கண்ணீரைக் கடந்தே மகன் அவ்வாயிலுள் நுழைய வேண்டியிருந்தது. தமிழ் அகமரபு பிரிவுக்கெனப் பாலைத் திணையை வகுத்தது. கிருஷ்ண பிள்ளையின் முப்பத்தோராம் அகவையில் தொடங்கிய வழியும் அத்தகைய பாலை வழியே.

அவர் எதை விட்டார், எதை விடவில்லை என்பதே இலக்கிய வரலாற்றில் முதன்மையான வினா. குடிவழிச் சமயத்தை விட்டார். குடிவழித் தமிழை விடவில்லை. கம்பனை வாசலில் நிறுத்திவிட்டு அவர் உள்ளே செல்லவில்லை. உடன் அழைத்துச் சென்றார். சென்னையில் பெர்சிவல் பாதிரியாரின் தினவர்த்தமானி இதழ்ப்பணி, சாயர்புரம், பாளையங்கோட்டை, திருவனந்தபுரம் எனத் தமிழாசிரியர் பணி என்று அவர் வாழ்வு நகர்ந்தது. உள்ளே ஒரு காப்பியம் வளர்ந்துகொண்டிருந்தது.

பஞ்சத்தின் ஆண்டுகள்

1876 முதல் 1878 வரை தமிழகத்தை வாட்டிய பெரும்பஞ்சம் தாது வருடப் பஞ்சம் என இன்றும் நினைவில் நிற்பது. மழை பொய்த்தது, தானியம் விலையேறியது, பசியைத் தொடர்ந்து கொள்ளைநோய் வந்தது. தனிமனிதத் துயர்களைப் பற்றி இதுவரை கண்ட நம்பிக்கை, ஊரே மடியும்போது என்ன செய்தது என்னும் வினா இங்கு எழுகிறது.

சோழநாட்டின் மாயூரத்தில் முன்சீப்பாக விளங்கி ஓய்வு பெற்றிருந்த கத்தோலிக்கப் புலவர் வேதநாயகம் பிள்ளை இவ்வினாவிற்குக் கஞ்சித் தொட்டியால் விடை கூறினார். தம் பொருளைப் பசித்தோர்க்கு வாரி வழங்கினார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், சமயம் வேறாயினும், அவ்வள்ளன்மையைக் கண்டு அவரைப் பாடினார். பஞ்சத்தைத் தீர்க்குமாறு இறைவனை வேண்டிக் கீர்த்தனைகளும் இயற்றினார் பிள்ளை. கை ஈந்துகொண்டிருக்க வாய் பாடியது. ஈயாத கையுடன் பாடியிருப்பின் அப்பாட்டு வெறும் ஓசையாகவே நின்றிருக்கும்.

திருநெல்வேலிச் சீமையிலும் சபைகள் பஞ்ச நிவாரணத்தில் ஈடுபட்டன. 1877இல் உதவிப் பேராயர்களாக உயர்ந்த கால்டுவெல், சார்ஜென்ட் ஆகியோர் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தனர். பசியால் சேர்ந்தார்களா, பற்றால் சேர்ந்தார்களா என்ற ஐயம் அன்றே எழுந்தது. இன்றும் ஆய்வாளர் எழுப்புவர். ஐயம் முறையானதே. ஆயின் பசித்தவன் உள்ளத்தைப் பிளந்து இஃது இவ்வளவு, அஃது அவ்வளவு என அளக்கும் நிறைகோல் வரலாற்றாசிரியனிடம் இல்லை. தன்னை மனிதனாகக் கருதிச் சோறிட்டவனிடம் ஒருவன் நிற்பதில் பசியும் உண்டு. மதிப்புக்கான ஏக்கமும் உண்டு. இரண்டும் நம்பிக்கையின் வேர்களே.

மற்றோர் உண்மையையும் மறைத்தலாகாது. சபைக்குள் வந்தபின்னும் சாதி வாயிலுக்கு வெளியே நின்றுவிடவில்லை. பந்தியிலும் மணவுறவிலும் அது தொடர்ந்தது. வெள்ளைப் பாதிரிமாரின் ஆதிக்கமும் புண்படுத்தியது. அருமைநாயகம் சட்டம்பிள்ளை 1857இல் அவர்களை விட்டுப் பிரிந்து இந்து கிறித்தவ சபையை நிறுவியது இதற்குச் சான்று. ஆகவே அக்காலக் கிறித்தவன் தாங்கிய துன்பங்களுள் சில வெளியிலிருந்து வந்தவை. சில வீட்டுக்குள்ளேயே இருந்தவை. பின்னவற்றைப் பொறுத்துக்கொள்வது நம்பிக்கையாகாது. மாற்ற முனைவதே நம்பிக்கையாகும்.

மடியில் இருந்த திறவுகோல்

பஞ்சத்தின் வடு ஆறாத 1878இல் நற்போதகம் என்னும் மாத இதழில் கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் தொடராக வெளிவரத் தொடங்கியது. பதின்மூன்று ஆண்டுகள் அத்தொடர் நீண்டது. 1894இல் நூல் வடிவம் பெற்றது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாகப் பகுக்கப்பட்டு மூவாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. வீரமாமுனிவரின் தேம்பாவணிக்குப் பின் கிறித்தவத் தமிழின் பெருங்காப்பியமாக இதனைக் கருதுவர்.

இதன் மூலம் ஜான் பனியன் ஆங்கிலத்தில் எழுதி 1678இல் வெளியிட்ட மோட்சப் பயண நூல். அரசின் ஒப்புதலின்றிச் சமயவுரை ஆற்றிய குற்றத்திற்காக 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தவர் பனியன். பாத்திரம் செப்பனிடும் தொழிலாளி. பயணம் பற்றிய நூலின் ஆசிரியர் நடமாட முடியாதபடி அடைபட்டிருந்தவர் என்பது எண்ணி மகிழத்தக்க முரண்.

பனியனின் கதையில் இரு நிகழ்ச்சிகள் இங்குக் குறிக்கத்தக்கன. மாயச் சந்தை எனத்தக்க நகரத்தில் பயணியும் அவன் துணைவனும் பிடிபடுகின்றனர். கிருஷ்ண பிள்ளை நிதானி எனப் பெயரிட்ட அத்துணைவன் கொல்லப்படுகிறான். பயணி தனித்து விடப்படவில்லை. அந்நகரத்தான் ஒருவன், மாண்டவனின் உறுதியைக் கண்டு மனம் மாறி, புதிய துணையாக உடன் நடக்கிறான். அவனுக்குப் பனியன் இட்ட பெயரின் பொருள் நம்பிக்கையுடையான் என்பது. உறுதியுடையோன் விழுந்த இடத்திலேயே நம்பிக்கையுடையோன் எழுகிறான். சிவகாசியில் ஒருவர் மறைந்ததையும் அதன்பின் நிகழ்ந்தவற்றையும் எண்ணுவோர்க்கு இப்பகுதி கட்டுக்கதையாகத் தோன்றாது.

மற்றொன்று ஐயக் கோட்டை. மனமுறிவு என்னும் அரக்கன் பயணிகள் இருவரையும் அங்கு இருட்டறையில் அடைக்கிறான், அடிக்கிறான், தற்கொலை செய்துகொள்ளுமாறு கூறுகிறான். நாட்கள் கழிகின்றன. ஒரு விடியலில் பயணிக்கு நினைவு வருகிறது: எந்தப் பூட்டையும் திறக்கும் வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மடியிலேயே இருந்திருக்கிறது. புறத்திலிருந்து மீட்பர் படை வரவில்லை. தொடக்கமுதல் உடன் கொண்டுவந்த ஒன்றை மறந்திருந்ததே சிறையாக இருந்தது.

கிருஷ்ண பிள்ளையின் மடியில் இருந்த திறவுகோல் எது? வாக்குறுதி எனச் சமயம் சொல்லும். அதனோடு தமிழும் என இலக்கிய வரலாறு சேர்த்துச் சொல்லும். ஆரணிய பருவம் என்னும் பெயரிலேயே கம்பனின் ஆரணிய காண்டம் எதிரொலிக்கிறது. நாடிழந்து காடு சென்ற இராமன் கதையைத் தந்தையார் வாயால் கேட்டு வளர்ந்தவர், உறவிழந்து நடந்த தம் வழியையும் காடு என்றே கண்டார் எனக் கொள்வது மிகையாகாது. பனியன் விரித்துரைக்காத இயேசு பெருமானின் பாடுகளை இரட்சணிய சரித படலத்தில் கிருஷ்ண பிள்ளை விரித்துப் பாடினார். துன்புறும் பயணிக்கு ஆறுதல் அறிவுரையன்று. தனக்கு முன்னே துன்புற்றுச் சென்ற ஒருவரே என்பது அவர் கண்ட பொருள். இடையிடையே அமைந்த தேவாரப் பதிகங்களும், பின்னர் வெளிவந்த இரட்சணிய மனோகரமும் நாயன்மார், ஆழ்வார் வகுத்த பத்திநெறியின் மொழியிலேயே உருகுகின்றன. இழந்ததாக உறவினர் எண்ணியதையெல்லாம் அவர் தமிழில் மீட்டுக்கொண்டார். 1900 பிப்ரவரி 3ஆம் நாள் அவர் மறைந்தார்.

பின்வந்தோர்

விளைச்சல் பின்னரே வந்தது. தெற்கிலிருந்து வடக்கே ஆளனுப்பிய சபைகளின் பேரப்பிள்ளைகள் காலத்தில், 1903இல், வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் முன்முயற்சியால் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. தமிழர் பொருளாலும் தமிழர் ஆளாலும் தெலுங்கு நாட்டுத் தோரணக்கல் பகுதியில் பணி தொடங்கியது. கூடாரக் காலத்தில் ஒரு மாத முறையாகத் தொடங்கிய பழக்கம் மொழியெல்லையைக் கடந்தது. அசரியா 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

அயர்லாந்தில் பிறந்து, 1895இல் இந்தியா வந்து, டோனாவூரில் குழந்தைகளைக் காத்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் ராக்லாந்தின் வரலாற்றை நூலாக எழுதினார். 1931இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து அம்மையாரின் கால் முறிந்தது. அதன்பின் 1951இல் மறையும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஓர் அறைக்குள் வலியோடு கழித்தார். அவ்வறையிலிருந்தே நூல் பல எழுதினார். தம் கல்லறைக்குப் பெயர்க்கல் வேண்டா என்றார். பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றே அங்கு உண்டு. அதில் பொறித்துள்ள சொல் அம்மா என்பது. ஐந்தாண்டுக்கும் குறைவான காலம் கூடாரத்தில் வாழ்ந்து மறைந்தவர் வரலாற்றை எழுதியவரே பின்னர் இருபதாண்டு அறைவாழ்வைத் தாங்க நேர்ந்தது.

நிறைவாக

கூடாரம், வகுப்பறை, கஞ்சித் தொட்டி, நோயறை என இவர்கள் வாழ்ந்த இடங்கள் வேறு. இவர்களிடம் பொதுவாகக் காண்பது ஒன்று. துன்பம் தீர்ந்தபின் பணி செய்யலாம் என எவரும் காத்திருக்கவில்லை. நம்பிக்கை இவர்களிடத்து உணர்ச்சியாக இருந்ததினும் அன்றாட உழைப்பாகவே மிகுதியும் இருந்தது. கூடாரத்தைப் பிரித்து அடுத்த ஊரில் அடித்தல், அடுத்த பசித்தவனுக்கு அளத்தல், அடுத்த இதழுக்குப் பாடல் எழுதுதல் என்பனவே அதன் வடிவங்கள்.

கவிதை எழுதுவோர் சிலர் கூடிப் பத்தாண்டு நிலைத்து நிற்பது எளிதன்று என்பதை இம்மலரைக் கையிலேந்துவோர் அறிவர். அவர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது நற்போதகத்தில் வெளிவந்த அத்தொடர். தொடங்கியபோது கவிஞர்க்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. முடிவு காண்போமா என அறியாமலே பதின்மூன்று ஆண்டுகள், திங்கள்தோறும், அடுத்த பாடலை எழுதியனுப்பினார் ஒரு தமிழாசிரியர்.